கடன் கொப்பியும் ஒரு மரக்காலும்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் கடைச் சுவரில் இரண்டு பலகைகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்றில் 'நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்' என்ற வசனம். ஒரு நத்தாருக்கு சபையில் தந்தது. மற்றதில் 'கடன் அன்பை முறிக்கும்'. அது அப்பா காலத்திலிருந்தே இருந்தது. பாண் வாங்க வந்த ஒரு பொடியன், எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய புதிது, இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "அப்ப அங்கிள், கடன் கேட்டா லைட்ட நிப்பாட்டிருவீங்களா?" என்று கேட்டான். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரவு கல்லாவை எண்ணும்போது அந்தக் கேள்வி திரும்ப வந்தது, அப்போது சிரிப்பு வரவில்லை.

நான் போதகர் இல்லை. பலசரக்குக் கடைக்காரன், ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன், அவ்வளவுதான். கடவுளுடைய வெளிச்சத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்க நன்றாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கடைக் கதவைத் திறந்ததும் அந்த வெளிச்சம் எதன்மேல் விழவேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது தராசிலும், கடன் கொப்பியிலும், யாரிடம் சாமான் வாங்குகிறேன் என்பதிலும் இருந்தது. மூன்றிலும் நான் பிழைவிட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மரக்கால் கதை. வேதபாடக் கூட்டம் ஒன்றில் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் வாசித்தோம். விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்கமாட்டார்கள் என்ற இடம் வந்ததும், மரக்கால் என்றால் என்ன என்று போதகர் இளையவர்களைக் கேட்டார். ஒரு பிள்ளை, "மரத்தால செய்த கால்" என்றாள். சிலர் சிரித்தார்கள். எனக்கு அவள் சொன்னதில் பிழை தெரியவில்லை. யுத்தம் நடந்த ஊர் இது, பொய்க்கால் போட்டு நடக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு என்ன நினைப்பாள்?

எங்கள் அப்பாவுக்குப் படுவான்கரையில் கொஞ்சம் வயல் இருந்தது. அவர் நெல் அளந்த மரக்கால் வீட்டில் கிடந்தது. வாய் விளிம்பில் இரும்புப் பட்டி, அடி தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அடுத்த கிழமை அதைக் கொண்டுபோனேன். மேசையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி அதன்மேல் கவிழ்த்தோம். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்கள். தூக்கிப் பார்த்தபோது திரி கறுத்து, புகை மட்டும் சுருண்டது. வெளிச்சம் மறைந்தது மட்டுமில்லை, காற்றில்லாமல் நெருப்பே செத்துவிட்டது. மூல மொழியிலும் அது தானியம் அளக்கிற பாத்திரந்தான் என்று போதகர் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், கல்லடிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டி என்று சொல்லியிருக்கலாம், கூடை என்று சொல்லியிருக்கலாம். இயேசு அளவுப் பாத்திரத்தைச் சொல்லியிருக்கிறார். வயிற்றுப்பிழைப்புக்காகக் கையில் எடுக்கிற சாமானையே விளக்கின்மேல் கவிழ்க்கிற ஆளை அவர் எங்கேயோ பார்த்திருக்கவேண்டும். என்னைப் போல ஒரு கடைக்காரனாக இருக்கலாம்.

தராசு விசயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெட்கமான விசயம். எங்கள் கடையில் தராசின் முகம் என் பக்கம் திரும்பியிருக்கும். நூறு கிராம் மிளகாய்த்தூள் என்றால் தடித்த கடதாசிப் பையோடு சேர்த்து நிறுப்பேன். எல்லாரும் செய்கிறதுதானே என்று ஒரு நினைப்பு. பென்சன் எடுத்த ஒரு ரீச்சர் கிழமைக்கு ஒருக்கால் வருவார். ஒருநாள் வீட்டிலிருந்து மெல்லிய பை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, இதுக்குள்ள போடுங்க. கடதாசி எங்கட வீட்டில நிறையக் கிடக்கு." குரலில் கோபமே இல்லை. அவருக்கு நான் ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறவன் என்று தெரியும்.

அன்றே தராசைத் திருப்பி வைத்தேன். வெறும் பையை முதலில் வைத்து, பூச்சியம் ஆக்கிவிட்டுத்தான் சாமான் போடுகிறேன். வருடத்துக்கொருமுறை முத்திரை குத்துவிக்கவேண்டும் என்பது சட்டம். அதையும் பிந்தவிடுவதில்லை. மிச்சக் காசுக்கு டொபி கொடுக்கிற பழக்கத்தையும் விட்டேன், சில்லறை இல்லாவிட்டால் என் பக்கந்தான் குறையும். இதெல்லாம் பெரிய பரிசுத்தம் ஒன்றுமில்லை. ஆனால் கடை வைத்திருக்கிற ஒரு விசுவாசி என்னிடம் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், தராசின் முகத்தை வாங்குகிறவர் பக்கம் திருப்புங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். ஜெபம் பிறகு வரும்.

இனிக் கொப்பி.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். நாங்கள் குடும்பமாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், புளியந்தீவில் ஆராதனையில் இருந்தோம். அதனால் உயிர் தப்பினோம். கல்லடியிலும் இங்கேயுள்ள திருச்செந்தூரிலும் நாவலடியிலும் நடந்தது இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை நான் விவரிக்கப் போவதில்லை. கடையின் சுவர்கள் நின்றன. உள்ளே சேறும், எங்கிருந்தோ வந்த ஒரு தோணித் துண்டும். கடன் கொப்பி போய்விட்டது. நாற்பது வீட்டுக்கு மேல் கணக்கு அதில் இருந்தது, எண்பதாயிரத்துக்குக் கிட்ட. அந்த நாற்பது வீட்டில் சிலது வீடாகவே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? கேட்க வாயும் வரவில்லை.

ஜனவரி நடுவில் சேற்றை வழித்துவிட்டு ஒரு மேசையைப் போட்டேன். வைக்கச் சாமான் இல்லை. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து எங்களுக்கு மொத்தமாகச் சாமான் போடுகிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருநாள் சின்ன லொறியோடு வந்து நின்றார். அவருடைய ஊரையும் அதே அலைதான் அடித்திருந்தது. சீனி, பருப்பு, சவர்க்காரம், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி.

"காக்கா, கையில காசில்ல. கொப்பியும் போயிற்று."

"கொப்பி என்னட்ட இருக்கு. நீங்க இறக்குங்க."

அப்படித்தான் கடை திரும்பத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரியம்மா வந்தார். நாவலடிப் பக்கம் இருந்தவர், அப்போது ஒரு பாடசாலை முகாமில் இருந்தார். பேரப்பிள்ளையைக் கடல் கொண்டுபோயிருந்தது. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"மனே, என்ட பேர்ல எவ்வளவு கிடந்தது?"

"கொப்பி கடலோட போயிற்று பெரியம்மா. விடுங்க."

"கொப்பி போனா கடனும் போமா? ஆயிரத்தி நானூத்திச் சொச்சம். கடைசியா அரிசி எடுத்தது திருவெம்பாவை தொடங்கின அண்டைக்கி." இருநூறு ரூபாவை மேசையில் வைத்துத் தடவி நேராக்கினார். "மிச்சம் மறுகா தாறன்."

வேண்டாம் என்று தள்ளினேன். அவர் விடவில்லை. "உனக்குத் தெரியாட்டி என்ன, அம்மனுக்குத் தெரியுந்தானே" என்றார். கண்ணகை அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறவர், வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குத் தவறமாட்டார். ஒவ்வொரு கிழமையும் ஐம்பது, நூறு என்று கொடுத்து, ஆறேழு மாதத்தில் முழுவதையும் தீர்த்தார். அவரைப் பார்த்தோ, தாங்களாகவோ, மற்றவர்களும் வந்தார்கள். ஒருவர் நான் நினைத்ததைவிடக் கூடுதலாகத் தொகை சொன்னார்.

இதைச் சபையில் சாட்சியாகச் சொன்னபோது ஒருவர் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, கிறிஸ்தவ வெளிச்சத்துக்கு அம்மன் பக்தையை எப்படி உதாரணம் சொல்லலாம் என்று கேட்டார். நான் யோவான் முதல் அதிகாரத்தைத் திறந்து காட்டினேன்: எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி என்று அங்கே இருக்கிறது. எந்த மனுஷனையும். அதற்குமேல் வாதாட எனக்கு அறிவு போதாது. ஒன்று மட்டும் தெரியும். அந்த மேசையில் வெளிச்சம் அவர் பக்கமிருந்துதான் வந்தது, இருட்டில் நின்றது நான்.

மோசே மலையிலிருந்து இறங்கியபோது தன் முகம் பிரகாசிப்பதை அறியாமலிருந்தான் என்று யாத்திராகமத்தில் வருகிறதல்லவா? அந்தப் பெரியம்மாவும் அப்படித்தான், தான் ஒரு கடனைக் கட்டியதாக மட்டுமே நினைத்திருப்பார். எங்கள் ஊரில் சிலையாக நிற்கிற வில்லியம் ஓல்ட் பாதிரியாரும் அந்த வகைதான். 1814இல் மெதடிஸ்த ஊழியராக மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருடங்கூட நிறையவில்லை, 1815இல் இறந்துபோனார். அவர் தொடங்கிய பாடசாலைதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. சாகும்போது தான் தோற்றுவிட்டதாகக்கூட அவர் நினைத்திருக்கலாம்.

புதிய கொப்பியில் சில முறைகளை மாற்றினேன். ஆள் முன்னால் நிற்கும்போதே எழுதுவேன். சின்னக் கொப்பி ஒன்றை அவர்கள் கையிலும் கொடுப்பேன், இரண்டிலும் ஒரே தொகை. கடனைப் பற்றிக் கடையில் வேறு ஆள் நிற்கும்போது வாயைத் திறப்பதில்லை. இது முக்கியம். முன்பு, "அக்கா, பழசு கொஞ்சம் கிடக்கு" என்று சத்தமாகச் சொல்லுவேன், நாலு பேருக்குக் கேட்டால் கெதியாகக் கட்டுவார்கள் என்று. கட்டினார்கள்தான். ஆனால் பிறகு கடைக்கு வராமல் விட்டவர்களும் உண்டு. எழுதுகிற வேலையைச் சின்ன வேலையாக நினைக்கக் கூடாது. 1948இல் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து, 2019இல் இந்த மண்ணிலேயே கண்மூடிய ஃபாதர் ஹரி மில்லர், ஆட்கள் காணாமல்போன காலத்தில் சமாதானக் குழுவில் இருந்து அவர்களுடைய விபரங்களைப் பதிந்தவர்களில் ஒருவர். பிழையில்லாமல் எழுதிவைப்பது எவ்வளவு பெரிய ஊழியம் என்று அந்த வீடுகளில் கேட்டால் தெரியும்.

சரி, இவ்வளவும் சொன்னது, இனிச் சொல்லப்போகிறதைச் சொல்லத் தைரியம் வரட்டும் என்றுதான்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் நிறையப் பேர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அதே காலையில் நானும் இன்னொரு சபையில் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றவன். அந்தக் கிழமை முழுவதும் சவ அடக்கங்கள். பிறகு ஊரடங்கு, சோதனைச் சாவடி. தாக்குதலை நடத்தியவர்களின் தலைவன் காத்தான்குடிக்காரன் என்ற செய்தி வந்ததும் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது: அவர்களுடைய கடைக்குப் போகாதே, அவர்களிடம் வாங்காதே.

என் கடையிலும் கேட்டார்கள். "அண்ணன், இது அவங்கட சாமானா?" முதல்நாள் பேசாமலிருந்தேன். இரண்டாம் நாள், "இல்ல, கொழும்புச் சாமான்" என்றேன். அதை உண்மையாக்குவதற்காக வேறு முகவரிடம் கூடிய விலைக்கு வாங்கினேன். காக்கா இரண்டு தரம் கோல் எடுத்தார். போன் மேசையில் அதிர்ந்துகொண்டு நகர்ந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. வாடிக்கையாளருடைய மனம் நோகக் கூடாது, பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம், கடை ஓடவும் வேண்டும் என்று எனக்கு நானே நிறைய நியாயம் சொன்னேன். நியாயம் எல்லாம் நல்ல வடிவாகவே இருந்தது. மரக்காலும் வடிவான சாமான்தான்.

அந்த ஞாயிறுகளில் நான் பிள்ளைகளுக்கு என்ன படிப்பித்தேன் தெரியுமா? அயலானை நேசிப்பது. நல்ல சமாரியன்.

ஒருநாள் இரவு மனைவி சோறு போட்டுக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டாள்: "காக்காட சீனிக் காசு குடுத்தாச்சா?" குடுக்கவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய கிழமை இறக்கிய சாமானுக்கு முப்பத்தெட்டாயிரம் நின்றது. அவருடைய கொப்பியில் என் பெயர் இருந்தது. பெரியம்மாவின் குரல் அப்படியே காதில் விழுந்தது: கொப்பி போனா கடனும் போமா? இங்கே கொப்பி போகவுமில்லை.

இன்னொன்றும் நினைவு வந்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைத் தமிழ் ஆயுததாரிகள் சுட்டுக் கொன்றார்கள், நூற்றுக்கு மேற்பட்டோரை. சிறுவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் காக்கா எனக்குச் சாமான் போடத் தொடங்கியது. ஒருநாளாவது என்னைப் பார்த்து, நீயும் தமிழன்தானே என்று அவர் கணக்குக் கேட்டதில்லை. நான் கொஞ்ச நாள்கூடப் பொறுக்கவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வெள்ளிக்குப் பிறகு, காசை எண்ணி உறையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் நிற்கும். வழமையாக அந்த நேரத்துக்குச் சனம் நெரியும் வீதி. அன்றைக்குக் கடைக்காரர்கள் வாசலில் கதிரை போட்டு சும்மா இருந்தார்கள். என்ன பேசுவது என்று வழிநெடுகப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

அவர் எழும்பி நின்று, "வாங்க தம்பி" என்றார். பொடியனிடம் பிளேன்டீ சொன்னார். நான் உறையை வைத்தேன். அவர் எண்ணவில்லை. கொப்பியைத் திறந்து என் பெயரை வெட்டினார். பாடமாக்கியது ஒன்றும் வாயில் வரவில்லை. "பிழை என்னிலதான் காக்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு செவ்வாயும் லொறி உங்கட கடையத் தாண்டித்தான் போகும்" என்றார். "ஹோர்ன் அடிக்கலாமா, வேணாமா எண்டு யோசிப்பன். அடிக்கல்ல." பிறகு, "சேர்ச்சில மௌத்தான புள்ளைகளுக்கு நான் அழுதன் தம்பி. யாரிட்டப் போய்ச் சொல்ற எண்டு தெரியல்ல. உங்களுக்குக் கோல் எடுத்தது அதுக்குத்தான். காசுக்கில்ல."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

இப்படி யாரிடமாவது போகவேண்டியவர்களுக்கு, என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். கொடுக்கவேண்டிய காசு ஏதும் இருந்தால் முதலில் அதை வையுங்கள், வார்த்தை பிறகு. போனில் செய்தி அனுப்பாமல் ஆளாகப் போங்கள். 'ஆனால்' என்ற சொல்லை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுங்கள். அவர் ஏதும் சொன்னால் கேளுங்கள், குறுக்கே வேதவசனம் சொல்லவேண்டாம். நேரத்தோடு போங்கள். ஏழு கிழமை நான் வீணாக்கியது அவருக்கு ஏழு கிழமைத் தனிமை.

அடுத்த செவ்வாய் லொறி வந்து நின்றது. இரண்டு வாடிக்கையாளர்கள் கடையை விட்டார்கள். ஒருவர் மாரி தொடங்கும்போது திரும்பி வந்தார், ஒன்றும் நடக்காதது போல மண்ணெண்ணெய் கேட்டார். மற்றவர் இன்றுவரை வருவதில்லை. எங்கள் வாசலைத் தாண்டும்போது குடையைக் கொஞ்சம் சரிப்பார். அவர் அந்தக் குண்டுவெடிப்பில் உறவு ஒன்றை இழந்தவர். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன், அவ்வளவுதான் முடிகிறது.

அந்தப் பாடம் 2022இல் கொஞ்சம் உதவியது. பால்மாத் தட்டுப்பாடு, ஒருநாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. வந்த பால்மாப் பெட்டிகளில் எட்டை, எங்கள் ஆட்களுக்கு என்று சாக்குக்குக் கீழே வைத்தேன். இரவு மனைவி அரிக்கன் லாம்பின் சிமினியைக் கழற்றி, சாம்பல் போட்டுத் தேய்த்து, பழைய பேப்பரால் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தாள். திரியின் கருகிய நுனியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டினாள். கோணலாக வெட்டினால் ஒருபக்கம் புகைத்து, சிமினி திரும்பவும் கறுக்கும். கொளுத்தியதும் எனக்கு முதலில் தெரிந்தது அந்தச் சாக்குத்தான். அடுத்தநாள் கைக்குழந்தை உள்ள வீடு எது என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தேன். எங்கள் ஆட்களில் சிலருக்குக் கிடைக்கவில்லை, கோபித்தார்கள்.

வீட்டைப் பற்றியும் ஒருவரி சொல்லாவிட்டால் மனைவி இதை வாசித்துவிட்டுச் சிரிப்பாள். "கடையில வாற ஆக்களுக்குக் காட்டுற முகத்தில கொஞ்சத்த வீட்டுக்கும் கொண்டு வாங்களன்" என்று அவள் ஒருதரம் சொன்னாள். இப்போது கடையைப் பூட்டிய பிறகு, வீட்டுக்குள் நுழைய முன்னம், கிணற்றடியில் முகம் கழுவிவிட்டுப் போகிறேன். பெரிய பலன் என்று சொல்லமாட்டேன். சில நாட்களில் முகம் மட்டுந்தான் கழுவப்படுகிறது.

2019 கடைசியில் கடைக்குப் பெயின்ட் அடிக்க இரண்டு பலகைகளையும் கழற்றினோம். 'கடன் அன்பை முறிக்கும்' பலகை உக்கிப்போயிருந்தது, அடுப்புக்குப் போனது. வசனப் பலகை வீட்டில் இருக்கிறது. அது தொங்கிய ஆணியில் இப்போது காக்காவின் பில் துண்டுகளைக் குத்திவைக்கிறேன், செவ்வாய்க்கு ஒன்று. திரும்ப மாட்டுங்கள் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அன்றைக்குக் கேள்வி கேட்ட பொடியன் இப்போது வளர்ந்துவிட்டான். போன கிழமை வந்தவன் சுவரைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அந்த லைட் போர்ட் எங்க?" என்று கேட்டான். தராசைக் காட்டி, "இதுக்கு முத்திரை குத்திற நாள் வருகுது, அது முடியட்டும்" என்றேன். வெளியே காக்காவின் லொறி ஹோர்ன் அடித்தது. சாமான் இறக்க அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.